வாழ்த்து அட்டை ஏன் வளைகிறது?

தீபாவளி நெருங்கும்போது பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் தாளும் மையும் வாங்கி, ரப்பர் ஸ்டாம்பால் குத்துவிளக்கும் மயிலும் பதித்து, வாழ்த்து அட்டையைக் கையாலேயே செய்கிறவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இரவு தட்டையாக இருந்த அட்டை காலையில் வளைந்து நிற்கும். உடனே பசையைத்தான் திட்டுவோம். பசைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் விஷயம் தாளுக்குள்ளேயே தொடங்குகிறது.

தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஆலையில் கூழ் ஓடும் வலையின்மேல் ஊற்றப்படும்போது, வாய்க்காலில் விழுந்த வைக்கோல் நீரோட்டத்தின் பக்கம் திரும்புவதுபோல், பெரும்பாலான இழைகள் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட விடாது. ஈரம் பட்ட இழை அகலத்தில் நன்றாக உப்பும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் தாளும் ஒரு திசையில் மட்டும் அதிகமாக விரிகிறது. இங்கே காற்றின் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். ஏர்கான் அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தாலே போதும், தாள் தன் அளவை மாற்றிக்கொள்ளும்.

பளபளக்கும் உலோகப் பூச்சுத் தாளில் இது நன்றாகவே தெரியும். பூச்சு விரியாது, பின்னால் உள்ள தாள் விரியும். அப்புறம் வளையாமல் என்ன செய்யும்?

இழையின் திசையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கு இணையாக இழைகள் ஓடுகின்றன. கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் இருக்கும். அதை நடுவில் இரண்டாக மடித்தால் மடிப்பு இழைகளுக்குக் குறுக்கே விழுந்து, ஓரம் வெடித்து வெள்ளை தெரியும். அதற்குப் பதில் ஏ4-ஐ முதலில் குறுக்கே இரண்டாக வெட்டிவிட்டு, ஒவ்வொரு பாதியையும் மடியுங்கள். இப்போது 148 மில்லிமீட்டர் மடிப்பு இழையோடு போகும், கத்தி வைத்ததுபோல் நேராக நிற்கும். அட்டை சிறியதுதான், ஆனால் எனக்கு இந்த அளவே பிடிக்கும். கையால் செய்த தாளில் இழைகள் எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சரி, பசை. வெள்ளைப் பசையில் பெரும்பகுதி தண்ணீர். ஒட்டும் தாள் நனைந்து விரிந்த நிலையில் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி, அடியில் உள்ள அட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது. இரட்டைப் பக்க டேப்பில் தண்ணீர் கிடையாது, ஆகவே இழுப்பும் இல்லை. பசைதான் வேண்டும் என்றால் அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

மையில் இரண்டு வகை. சாய மை கரைசலாக இருப்பதால் இழைகளுக்குள் ஊறிச் சீக்கிரம் காய்ந்துவிடும். நிறமி மையில் நுண்துகள்கள் தாளின் மேலேயே தங்கும். வழவழப்பான தாளில் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும், நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். ஆனால் பதித்த படத்தை மேடாக்கிப் பளபளக்கச் செய்யும் எம்பாசிங் பவுடருக்கு அந்த ஈரம்தான் தேவை. ஸ்டாம்ப் பதித்த உடனே பவுடரைத் தூவி, ஒட்டாததைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். பவுடர் என்பது சூட்டில் உருகும் பிசின். துகள்கள் உருகி ஒன்றோடொன்று சேரும்போது பரப்பு இழுவிசை மேற்பரப்பைச் சமமாக்குகிறது. அந்தக் கண்ணாடிப் பளபளப்பு அப்படி வருவதுதான். முடி உலர்த்தி இதற்கு உதவாது: சூடு போதாது, காற்றோ பவுடரை ஊதித் தள்ளிவிடும். விரல் வியர்வை பட்ட இடத்திலும் பவுடர் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பதிப்பதற்கு முன் தாளில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவித் துடைத்துவிடுவது நல்லது.