தாளத்துக்கு எரியும் விளக்கு

கோயில் திருவிழாவில் லைட் மியூசிக் நடக்கும் மேடையைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டுகிறது. மேடையோர விளக்குகள் அந்தக் கைதட்டலுக்கும் நிறம் மாறுகின்றன. தெருமுனையில் வெடி போட்டால் அதற்கும் மாறுகின்றன. விளக்கில் பழுது எதுவும் இல்லை. கேட்கிற எல்லாவற்றையும் தாளம் என்றே எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வாடகைக்குக் கிடைக்கும் எல்.இ.டி. பார் விளக்குகள் பலவற்றின் பின்புறம் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் மைக். அது தரும் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கி, மேலும் கீழும் ஆடும் அலையை ஒரே பக்கமாகத் திருப்பி, ஒரு கெப்பாசிட்டரால் மழுங்கடித்தால் 'இப்போது சத்தம் எவ்வளவு' என்பது மட்டும் மிஞ்சும். அந்த அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் அடுத்த நிறம். சென்சிட்டிவிட்டி என்று மெனுவில் இருப்பது இந்த வரம்பை ஏற்றி இறக்கும் வசதி. உள்ளே வேறு மாயம் கிடையாது.

தாளத்தை மட்டும் பிரிக்க வேண்டுமானால் அதிர்வெண்ணைப் பார்க்க வேண்டும், அதாவது ஒலி அலை நொடிக்கு எத்தனை முறை (எத்தனை ஹெர்ட்ஸ்) அதிர்கிறது என்பதை. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் அடிநாதம் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கைதட்டலின் வலு அதற்கு வெகு மேலே, ஆயிரம் ஹெர்ட்ஸையொட்டி. எனவே 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1970களில் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்த மூன்று வண்ண விளக்குப் பெட்டிகளும் இப்படித்தான் இயங்கின: கீழ் ஒலிக்கு ஒரு நிறம், நடு ஒலிக்கு ஒன்று, மேல் ஒலிக்கு ஒன்று. இப்போது எம்.எஸ்.ஜி.இ.க்யூ.7 என்ற ஒரே சிப், 63 ஹெர்ட்ஸிலிருந்து 16,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஏழு பட்டைகளாகப் பிரித்துத் தந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் உடனே ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் எஃப்.எஃப்.டி. கணக்குக்குப் போவார்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி. நொடிக்கு 44,100 மாதிரிகள் (அலையின் அளவீடுகள்) எடுக்கும் ஒலியில் 1,024 மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு பட்டையும் 43 ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். கிக் டிரம்மையும் பேஸ் கிடாரையும் பிரிக்க அது போதாது. 4,096 மாதிரிகள் எடுத்தால் பட்டை 11 ஹெர்ட்ஸாகக் குறுகும். ஆனால் அத்தனை மாதிரிகள் சேர 93 மில்லி செகண்ட் ஆகும். நுட்பமாகக் கேட்க வேண்டுமென்றால் தாமதமாகத்தான் கேட்க முடியும், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும்.

தாமதம் எவ்வளவு வரை பரவாயில்லை? ஆற்றின் அக்கரையில் துணியைக் கல்லில் அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். காட்சிக்குப் பின்னால் ஒலி வருவது நமக்குப் பழகியது. ஒலி முந்தினால்தான் உறுத்தும். ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி 125 மில்லி செகண்ட் வரை பிந்தினாலும் மனிதர்கள் சாதாரணமாகக் கவனிப்பதில்லை. 45 மில்லி செகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். டிரம்மைக் கேட்டு எரியும் விளக்கு எப்போதும் பிந்தித்தான் எரியும், அதாவது உறுத்தும் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்குகளுக்கு ஆணை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். கேபிளில் 512 சேனலும் (தனித்தனி ஆணை வழிகள்) நிரம்பியிருந்தால் நொடிக்கு 44 முறைதான் தகவல் புதுப்பிக்கப்படும். அங்கேயே 23 மில்லி செகண்ட் வரை போய்விடலாம். நல்லவேளை, ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகிறது. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தூரமே கணக்கை நேர் செய்துவிடும். முன்வரிசைக்காரருக்குத்தான் அந்தச் சலுகை இல்லை.

சரி, மைக்கே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும், அதுதான் நல்ல வழியும். மிக்ஸரின் ஆக்ஸ் அவுட் (தனி வெளியீடு) ஒன்றில் கிக் டிரம்மை மட்டும் அனுப்பச் சொல்லி சவுண்ட்காரரைக் கேட்கலாம். அல்லது டிரம் தோலில், அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ தகடு ஒட்டலாம். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களுக்கு இன்னும் சுலபம். பல குழுக்களில் ஏற்கெனவே ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் எலெக்ட்ரானிக் டிரம்) இருக்கிறது. அதன் மிடி அவுட்டிலிருந்து ஒவ்வோர் அடியும், எந்தப் பேட், எவ்வளவு வலு என்ற விவரத்தோடு வெளியே வருகிறது. மிடி என்பது இசைக்கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் முறை. 1983இல் வந்த அந்த மிடி முறையில் ஓர் அடிக்கான தகவல் போய்ச்சேர ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. வலு 1 முதல் 127 வரை, அதை டி.எம்.எக்ஸில் வெளிச்ச அளவைச் சொல்லும் 0 முதல் 255க்கு ஏற்றிக்கொண்டால் மெல்லத் தட்டினால் மங்கலாகவும் ஓங்கி அடித்தால் பிரகாசமாகவும் எரியும். டோலக்குக்கும் தபேலாவுக்கும் இந்த வசதி இல்லை. அவற்றின் இடப்பக்க நாதம் வழுக்கி வழுக்கிப் போவதால் ஃபில்டரை 200 ஹெர்ட்ஸ் வரை தளர்த்த வேண்டியிருக்கும்.

மைக்கை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு விளக்கை மட்டும் மாஸ்டராக வைத்து மற்றவற்றை கேபிளால் அதன் பின்னால் கோர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு தாளம் போடும்.

எரிவது சட்டென்று, அணைவது நிதானமாக இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 17 மில்லி செகண்ட். அதைவிட வேகமாக அணைந்தால் ஒரே அடிக்குள் விளக்கு பலமுறை துடிக்கும். 200 மில்லி செகண்ட் அளவில் வைத்தால் பெரும்பாலான பாட்டுகளுக்குச் சரியாக வரும்.

பளிச்சிடும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும், இதில் விளையாடக் கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு டி.வி. கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். டிரம்மர் எத்தனை வேகமாக உருட்டினாலும் முழு வெளிச்சம் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னாதபடி அமைக்க வேண்டும். முழுக்க அணைத்து எரிப்பதற்குப் பதிலாக 60 சதவீதத்துக்கும் 100க்கும் இடையில் ஏற்றி இறக்குவது கண்ணுக்கும் இதம்.

அப்புறம் சவுண்ட் செக். முதலில் டிரம்மரைத் தனியாகக் கிக் அடிக்கச் சொல்லி, ஒவ்வோர் அடிக்கும் விளக்கு எரியும் வரை சென்சிட்டிவிட்டியை ஏற்றுங்கள். அடுத்து டிரம்மரை நிறுத்திவிட்டு பேஸ் கிடாரைத் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கும் எரிந்தால் கொஞ்சம் இறக்குங்கள்.