ரிஃப்ரெயின்: ஒரே எழுத்துக்கூட்டில் இரு சொற்கள்

ஆங்கிலத்தின் ‘ரிஃப்ரெயின்’ என்ற சொல்லுக்கு, ஒன்றைச் செய்யாமல் தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் என்றும், பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அடி என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. ஒரே சொல்தான் இப்படி இரண்டாகக் கிளைத்தது என்று எண்ணத் தோன்றும், அது சரியன்று. வேர் வேறான இரு சொற்கள், பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரே ஒலியும் ஒரே எழுத்தும் பெற்றுவிட்டன.

வினைச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘ஃப்ரேனும்’, அதாவது கடிவாளம். கடிவாளத்தை இழுத்து நிறுத்துவதைக் குறித்த ‘ரெஃப்ரேனாரே’ என்ற வினையே பின்னர் மனத்தை இழுத்து நிறுத்துவதற்கும் ஆகிவந்தது. இன்றைய பிரெஞ்சில் வண்டியின் பிரேக்கைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. இவ்வுவமை தமிழுக்கும் அயலானதன்று: ‘உரனென்னும் தோட்டியான் ஓரைந்தும் காப்பான்’ என்ற குறளில், கடிவாளம் இருக்கவேண்டிய இடத்தில் யானையை அடக்கும் அங்குசம் இருக்கிறது.

இவ்வினையைத் ‘தவிர்’ என்று பெயர்ப்பதே பெருவழக்கு. அறிவிப்புப் பலகைக்கு அது போதும். ஆனால் ‘அவாய்டு’ என்பதற்கும் அதே சொல்லை எழுதுவதால் ஒரு நுட்பம் நழுவிப்போகிறது. நெரிசலான சாலையைத் தவிர்க்கிறோம். அதில் தன்னை அடக்குதல் என்ற பேச்சே இல்லை. நாவின் நுனிவரை வந்த கடுஞ்சொல்லைச் சொல்லாமல் விடும்போதுதான் ‘ரிஃப்ரெயின்’ நிகழ்கிறது. அங்கே ‘சொல்லாமல் தன்னை அடக்கிக்கொண்டான்’ என்று எழுதுவதே நேரானது என்பது என் துணிபு. ‘ரிஸ்ட்ரெயின்’ என்பதோ பெரும்பாலும் பிறரைத் தடுத்து நிறுத்துவது. அதனோடு இதைக் குழப்பலாகாது.

பெயர்ச்சொல்லின் கதை வேறு. ‘உடைத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. ஒளிவிலகலைக் குறிக்கும் ‘ரிஃப்ராக்சன்’ அதன் உடன்பிறப்பு. பாட்டின் ஓட்டத்தை இடையிடையே முறித்து மீண்டும் வரும் அடி என்பதே இதன் கருத்து.

இதற்குப் ‘பல்லவி’ என்று மட்டும் எழுதிவிடுவது பாதிச் சரி. கீர்த்தனையின் தொடக்கமாக அமைந்து, சரணம் முடியுந்தோறும் திரும்பப் பாடப்படுவது பல்லவி. ஆகவே தொடக்க அடி மீண்டுவரும் பாடல்களுக்கு அச்சொல் இயல்பாகப் பொருந்தும். செய்யுள்தோறும் இறுதியில் வரும் அடிக்கோ தொடருக்கோ ‘மகுடம்’ என்ற பெயர் தமிழ் யாப்பு மரபில் ஏற்கெனவே இருக்கிறது. சதக நூல்களில் பாடல்தோறும் ஒரே விளியோடு முடியும் ஈற்றடி மகுடமே. திருப்பாவையின் 30 பாடல்களையும் திருவெம்பாவையின் 20 பாடல்களையும் முடித்துவைக்கும் ‘எம்பாவாய்’ என்னும் விளியும் அத்தகையதே. இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பிறமொழிக் கவிதையைப் பெயர்ப்பவர்கள் புதுச்சொல் தேடி அலைவது வருத்தம் தருகிறது.

ஒருவர் எப்போதும் சொல்லும் அதே குறையையோ கோரிக்கையையோ ஆங்கிலத்தில் ‘ரிஃப்ரெயின்’ என்பார்கள். ‘பழைய பல்லவியையே பாடுகிறார்’ என்ற நம் வழக்கு அதற்கு நெருங்கியது. ஆயினும் தமிழ்த் தொடரில் சலிப்பும் சற்று இகழ்ச்சியும் கலந்திருப்பதால், மூலத்தில் அந்த இகழ்ச்சி இல்லாதபோது ‘திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்’ என்று எழுதுவதே முறை.