விளையாடிப் பார்க்காமல் ஏஐ மாடலை எடை போடாதீர்கள்

சென்ற ஆண்டு ஒரு பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஏஐ மூலம் தாங்களே ஆறு கணக்கு விளையாட்டுகளைச் செய்திருப்பதாகவும், வகுப்பில் பயன்படுத்தும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்கள். எந்த மாடலை, அதாவது நாம் சொல்வதைக் கேட்டு நிரல் எழுதித் தரும் எந்த ஏஐயை, வாங்கலாம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்றேன். ஒரு வீடியோவைக் காட்டினார்கள். நான்கு மாடல்களுக்கும் ஒரே கட்டளை. நான்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு கார் ஓட்டும் கேமைச் செய்து காட்டுகின்றன. அரை நிமிடம் ஓடும் வீடியோ. அதில் எது பளபளப்பாக இருந்ததோ அதற்கு ஆண்டுச் சந்தாவே கட்டிவிட்டார்கள்.

அந்த ஆறு விளையாட்டுகளையும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஆடினேன். முதல் ஆட்டத்தில் எல்லாமே நன்றாக இருந்தன. நான்கில், தோற்றபின் ‘மீண்டும் விளையாடு’ பொத்தானை அழுத்தியதும் வேகம் இரட்டிப்பானது. இன்னொரு முறை அழுத்தினால் மும்மடங்கு. பழைய ஓட்டத்தை நிறுத்தாமலேயே அதன் மேல் புதிய ஓட்டத்தைத் தொடங்கிவிடும் பிழை இது. கேம் டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மிகப் பழக்கமானது. முன்னோட்டமாக ஆடிப் பார்த்த சில பிள்ளைகள், அதை அடுத்த லெவல் என்று நினைத்துக்கொண்டு, தங்களுக்குத்தான் கணக்கு வரவில்லை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

நான் 16 ஆண்டுகளாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். பாதிக்கு மேல் மொபைல் கேம்கள். ஏஐ மாடல்களை கேம் செய்யச் சொல்லி ஒப்பிடுவது நல்ல வழி என்றே சொல்வேன். 2021-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஏஐ மாடல்களுக்காக வெளியிட்ட ஹியூமன்ஈவல் என்ற தேர்வில் 164 சிறு நிரல் கணக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு நிரல் துண்டு, எழுதச் சொல்லும். விடை சரியா தவறா என்று இன்னொரு நிரல் பார்த்துவிடும். அந்த மாதிரித் தேர்வில் நேரம் ஓடாது, விரல் தடுமாறாது, திரை கிடையாது. ஒரு சின்ன கேமில்கூட விதி, ஸ்கோர், படம், ஒலி, ஆடுபவரின் அவசரம் எல்லாம் விநாடிக்கு 60 முறை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அதைவிட முக்கியம், நிரல் தெரியாதவரும் ஆடிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம். ஆனால் ஆட வேண்டும். அடுத்தவர் ஆடிய வீடியோவைப் பார்ப்பது ஆடுவதாகாது.

எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எனக்குப் பழக்கமான சில இடங்களைச் சொல்கிறேன்.

பாம்பு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நோக்கியா ஃபோனில் 1997-இலிருந்து ஆடிய அதே பாம்பு. எல்லா மாடலும் அதைச் செய்துவிடும். பாம்பு வலப்பக்கம் போகும்போது மேல், இடம் என்று இரண்டு அம்புக்குறிகளைச் சட்டென்று அடுத்தடுத்துத் தட்டுங்கள். கட்டம் நகர்வதற்குள் இரண்டும் பதிவாகிவிட்டால், பாம்பு தன் கழுத்தையே கடித்துச் செத்துப்போகும். எதிர்த்திசையில் திரும்பக் கூடாது என்ற சோதனை எழுதப்பட்டிருக்கும். ஆனால் பாம்பு கடைசியாக நகர்ந்த திசையோடு ஒப்பிடாமல், கடைசியாக அழுத்திய விசையோடு ஒப்பிட்டிருப்பார்கள். நிதானமாக ஆடுகிறவர் கண்ணில் இது படவே படாது. வேகமாக ஆடும் பத்து வயதுப் பிள்ளை முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, நிரம்பும் வரிசைகளை அழிக்கும் டெட்ரிஸ், 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. அதில் நான் பார்ப்பது, அடுத்தடுத்த இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் நிரம்பினால் என்ன ஆகிறது என்பதை. கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகும் நிரல், நிரம்பிய வரிசையை நீக்கியதும் மேலே இருப்பவை ஒரு படி இறங்கிவிடும். அப்போது அதே இடத்தை மறுபடி பார்க்காமல் மேலே போய்விட்டால், இரண்டாவது வரிசை நிரம்பியபடியே நிற்கும். அரை நிமிட வீடியோவில் யாரும் இரண்டு வரிசை அழிக்கும் அளவுக்கு ஆடுவதில்லை.

அடுத்தது திரை. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இப்போது வரும் பல ஃபோன்களில் அது 90, 120. எவ்வளவு நேரம் கடந்தது என்று கணக்கிடாமல், திரை ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் இத்தனை புள்ளி என்று பந்தை நகர்த்தினால், 60-இல் சரியாக ஓடுவது 120-இல் இரட்டை வேகத்தில் பறக்கும். நேரத்தைக் கணக்கிட்டவர்களுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது: ஆட்டத்தின் நடுவில் பிரௌசரில் வேறு டேபுக்குப் போய்விட்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினால், அந்த ஒரு நிமிடத்தையும் ஒரே எட்டில் கடக்கப் பார்த்துப் பந்து சுவரைத் தாண்டிப் போய்விடும். இரண்டையும் இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

இதெல்லாம் கைத்திறன் பற்றியது. இன்னொன்று எனக்கு அதைவிடக் கவலை தருகிறது: மாடல் நாம் சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறதா, மனப்பாடத்தை ஒப்பிக்கிறதா? பாம்பு, டெட்ரிஸ், 2014-இல் வந்த 2048 என்ற எண் விளையாட்டு ஆகியவற்றின் நிரல்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. மாடல்கள் அவற்றைப் படித்துத்தான் வளர்ந்தன. 2025 தொடக்கத்தில், சுழலும் அறுகோணத்துக்குள் துள்ளும் பந்தைச் செய்யச் சொல்லும் சோதனை எங்கும் பரவியது. நல்ல சோதனைதான், புவியீர்ப்பும் மோதலும் புரிந்தால்தான் வரும். ஆனால் அது புகழ் பெற்றதுமே அதற்கான விடைகளும் இணையம் முழுக்கப் பரவிவிட்டன. கேள்வித்தாள் வெளியான பிறகு நடக்கும் தேர்வைப் போல, அதில் வாங்கும் மதிப்பெண்ணிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் நான் பல்லாங்குழிக்குப் போனேன்.

எங்கள் வீட்டு விதி இது. இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி, குழிக்கு 5 முத்து, ஆக 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதோடு ஆட்டம் எதிராளிக்கு. இடையில் எந்தக் குழியில் 4 சேர்ந்தாலும் அது பசு. யார் ஆடிக்கொண்டிருந்தாலும், குழி யாருடையதோ அவருக்குத்தான் பசு. ஊருக்கு ஊர் இந்த விதிகளும் முத்துக் கணக்கும் மாறும் என்பதால், பெயரை மட்டும் சொல்லி விடாமல் விதிகளை ஒவ்வொன்றாக எழுதியே கொடுத்தேன். மூன்று மாடல்களுக்கும் ஒரே எழுத்து, ஒரே நாள்.

மூன்றையும் பெயரை மறைத்து அ, ஆ, இ என்று ஒரே டேப்லெட்டில் போட்டு, 68 வயதான என் அத்தையிடம் கொடுத்தேன். ‘அ’ தேக்கு மரப்பலகை மாதிரியே இருந்தது, நிழல் எல்லாம் விழுந்தது. அத்தைக்குப் பிடித்துவிட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் நிமிர்ந்து, “இது என் பக்கத்துக் குழிடா. பசு எனக்குத்தானே வரணும்? அது ஏன் எடுத்துக்கிச்சு?” என்றார். ஆடுகிறவருக்கே பசு என்று எழுதியிருந்தது. ‘ஆ’ இன்னும் வேடிக்கை. பலகையின் இரு முனையிலும் நான் கேட்காத ஒரு பெரிய குழியை வைத்து, முத்துகளை அதிலும் போட்டுக்கொண்டு போனது. கலாஹா என்ற மேலைநாட்டுக் குழி விளையாட்டு அப்படித்தான் இருக்கும். விதியைப் படித்தும், தனக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டையே அது செய்திருந்தது. ‘இ’ பார்க்க எளிமை, வெறும் வட்டங்கள். ஆனால் விதி ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரே குறை, குழியைத் தொட்டதும் எல்லா முத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறிவிட்டன. “என்ன நடந்துச்சுன்னே தெரியலையே” என்று அத்தை டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பல்லாங்குழியில் டெஸ்டருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பலகையில் இருப்பதையும் இருவர் கையில் இருப்பதையும் கூட்டினால் எப்போதும் 70 வர வேண்டும். இருபது நிமிடம் ஆடியபின் ‘அ’வில் எண்ணினேன், 68. கையிலிருந்த கடைசி முத்து பசுவை நிறைவு செய்யும்போதெல்லாம் ஒரு முத்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. இப்படி மாறவே கூடாத ஒரு எண்ணை எந்த விளையாட்டிலும் தேடிக் கண்டுபிடித்து, அதையே பிடித்துக்கொண்டு ஆடுங்கள்.

தமிழில் சொல் விளையாட்டு செய்யச் சொல்வதும் நல்ல சோதனை. ‘கோயில்’ நமக்கு மூன்று எழுத்து. கணினி சேமிக்கும் குறியீட்டில் அது ஆறு: க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி. ஆங்கிலப் பழக்கத்தில் சொல்லைப் பிரிக்கும் மாடல், ஆறு கட்டம் வரைந்து ஒரு கட்டத்தில் வெறும் புள்ளியை வைத்துவிடும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே செய்த மாடலும் உண்டு. சொல்லியும் மறுபடி கால் தனியாகக் கொம்பு தனியாகப் போட்டதும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்காக வாங்குகிறவர்கள் இந்த ஒன்றையாவது சோதித்துவிட்டு வாங்குங்கள்.

முதல் விடையோடு ஒப்பீட்டை நிறுத்துவதும் பெரிய தவறு. யாரும் ஒரே கட்டளையில் வேலையை முடிப்பதில்லை. பிழையைச் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள்: “என் குழியில் சேர்ந்த பசு எதிராளிக்குப் போகிறது.” அப்போது அது என்ன செய்கிறது? ‘அ’ மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. மூன்று முறையும் பசு எதிராளிக்கே போனது. ‘இ’யிடம் முத்துகளை மெதுவாகப் போடச் சொன்னேன். போட்டது. ஆனால் அது போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குழியைத் தொட்டால் இரண்டு ஆட்டம் ஒன்றாக ஓடி, மொத்தக் கணக்கு குழம்பியது. அதையும் சொன்னபின் ஓட்டம் முடியும்வரை பலகையைப் பூட்டிவைத்தது, வேறெதையும் கெடுக்கவில்லை. ஒன்றைத் திருத்தும்போது மற்றதைக் கெடுக்காமல் இருப்பதுதான் அன்றாட வேலையில் நமக்குத் தேவைப்படும் குணம். அதை முதல் கட்டளையில் பார்க்கவே முடியாது.

நியாயத்தைப் பற்றியும் கொஞ்சம். ஒரே மாடலிடம் ஒரே கட்டளையை ஐந்து முறை கொடுத்தால் ஐந்து விதமான கேம் வரும். வீடியோ போடுகிறவர் எத்தனையாவதைக் காட்டுகிறார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று முறையாவது ஓட்டி, மோசமானதையும் கணக்கில் எடுங்கள். சில செயலிகளில் மாடல் தானே நிரலை ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டுத் தருகிறது, சிலவற்றில் எழுதியதை அப்படியே தருகிறது. இரண்டையும் அருகருகே வைப்பது பொருத்தமில்லை. தேதியைக் குறித்து வையுங்கள். நான் பெயர்களைச் சொல்லாததற்கும் அதுவே காரணம்: மாடல்கள் மாதக்கணக்கில் மாறுகின்றன, இன்றைய வரிசை இன்னும் சில மாதத்தில் உங்களைத் தவறான கடைக்கு அனுப்பிவிடும்.

பிள்ளைகளுக்கான கேம் என்றால் இன்னொன்று. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து எதையாவது இழுத்துக்கொண்டு ஓடும் கேம் அப்போது நின்றுவிடும். வகுப்பறையில் வைஃபை போகும் நாளில் அதுதான் நடக்கப் போகிறது.

அந்தப் பள்ளிக்கு மறுபடி போனோம். கணக்கு ஆசிரியை விதிகளைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். மூன்று மாடல்களின் கேம்களையும் பெயர் தெரியாமல், பள்ளியின் பழைய டேப்லெட்களிலேயே பிள்ளைகளை ஆடவிட்டோம். மேசைமேல் ஒரு 40 பக்க நோட்டை வைத்து, தப்பாகத் தெரிவதையெல்லாம் எழுதச் சொன்னோம். ஒரு வாரத்தில் 11 பக்கம் நிரம்பியது. முதல் பக்கத்தில் பென்சிலில், ஒரு பெண் பிள்ளையின் கையெழுத்து: “ஆ கேம்ல தப்பா விடை போட்டாலும் ஸ்கோர் ஏறுது மிஸ். நான் மூணு தடவை போட்டுப் பாத்தேன்.”