தடிமனுக்குப் பின்னால் வரும் காதுக்குத்து

ஐப்பசி, கார்த்திகை மழையோடு யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளில் தடிமன் ஒரு சுற்று வரும். மூக்கு ஒழுகத் தொடங்கி இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள், பெரும்பாலும் இரவில், பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழும். "தலையில தண்ணி வாத்ததாலதான்" என்று வீட்டில் சொல்வார்கள். செவிப்பறையில் ஓட்டை இல்லாத பிள்ளைக்கு வெளியிலிருந்து தண்ணீர் நடுக்காதுக்குள் போக வழியே இல்லை. வருத்தம் தொடங்குவது மூக்கின் பின்புறத்தில்.

மூக்கின் பின்புறத்தையும் செவிப்பறைக்கு உள்ளேயுள்ள காற்றறையான நடுக்காதையும் ஊத்தேக்கியாவின் குழாய் இணைக்கிறது. வளர்ந்தவர்களில் அது சுமார் 35 மி.மீ. நீளம், 45 பாகை சரிவு. கைக்குழந்தையில் நீளம் அதில் பாதி, சரிவோ 10 பாகைதான். குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர் போன்ற பிசிர்கள் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். விழுங்கும்போது குழாய் திறந்து உள்ளே காற்றுப் போகும்.

இதை முதலில் குழப்புவது வைரசு: ஆர்.எஸ்.வி., ரைனோ, அடினோ, இன்புளுவன்சா போன்றவை. பிசிர்க் கலங்கள் அழிகின்றன, சளி தடிக்கிறது, குழாய் வீங்கி அடைபடுகிறது. அடைபட்ட அறையிலுள்ள வாயுவை மென்சவ்வு மெல்ல உறிஞ்சிவிடும். அமுக்கம் குறைய, செவிப்பறை உள்ளே இழுபடும். குழாய் சற்றுத் திறக்கும் வேளையில் மூக்கின் பின்புறச் சளி நடுக்காதுக்கு உறிஞ்சப்படும்.

அந்தச் சளியோடு பற்றீரியாவும் போகிறது. நியூமோகொக்கசு, ஹீமோபிலசு இன்புளுவன்சா, மொறாக்செல்லா மூன்றும் சுகமாக இருக்கும் பிள்ளைகளின் மூக்கின் பின்புறத்திலேயே படலமாக ஒட்டி, தொந்தரவின்றிக் குடியிருப்பவை. இன்புளுவன்சா வைரசின் நொதியம் கலங்களின் மேலுள்ள சயலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைக் கத்தரித்துவிட, நியூமோகொக்கசு பற்றிக்கொள்ள இடம் வெளிப்படுகிறது. காய்ச்சலின் சூடும், சேதமான கலங்களிலிருந்து வெளிவரும், அவற்றின் சக்திப் பொருளான ஏ.ரி.பி.யும் படலத்தைக் கலைக்கின்றன என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அப்படிக் கலைந்து வரும் பற்றீரியா படலத்தில் இருந்ததைவிட மூர்க்கமானது.

தடிமன் பிடித்த முதல் நாளே பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் கொடுப்பது இதனால்தான் பிழை. அது வைரசைத் தொடாது. மூக்கிலுள்ள பற்றீரியாவில் மருந்துக்கு மசியாதவற்றை மட்டும் மிச்சம் வைக்கும். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹீமோபிலசுக்கும் பாதுகாப்பு உண்டே என்று கேட்கலாம். அது உறையுள்ள 'பி' வகைக்கு எதிரானது. காதைத் தாக்குவது பெரும்பாலும் உறையில்லாத வகை.

காதுக்குத்துக்கு முதல் மருந்து நோவைக் குறைக்கும் மருந்துதான். பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். 10 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லிலீற்றரில் 120 மி.கி. உள்ள பாணியென்றால் சுமார் 6 மில்லிலீற்றர். பாணியின் செறிவு போத்தலுக்குப் போத்தல் மாறும், வாசித்துப் பார்த்தே அளக்கவேண்டும். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் காய்ச்சலும் குத்தும் கடுமையாக இல்லாவிட்டால், மருத்துவர் 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குள் தேறிவிடுவார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு காதிலும் தாக்கம் கண்ட இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, காதிலிருந்து சீழ் வடியும் பிள்ளை ஆகியோருக்கு அப்படிக் காத்திருப்பதில்லை. அமொக்சிசிலினை நாளுக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி. வரை உயர்த்திக் கொடுப்பது நியூமோகொக்கசின் எதிர்ப்பை வெல்லத்தான். ஹீமோபிலசும் மொறாக்செல்லாவும் அந்த மருந்தையே சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கக்கூடியவை. குணம் தெரியாவிட்டால் மருத்துவர், அந்த நொதியத்தைத் தடுக்கும் பொருளும் சேர்ந்த கோ-அமொக்சிகிளவுக்கு மாறுவார். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, மடல் முன்னுக்குத் தள்ளினால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். கிருமி பின்னாலுள்ள எலும்புக்குப் போய்விட்டது.

சில வேளை செவிப்பறை கிழிந்து சீழ் வடியும், குத்து சட்டென்று குறையும். அநேகமாகச் சில வாரங்களில் கிழிசல் தானே மூடும். வடிவது இரண்டு வாரத்தைத் தாண்டினால் கிருமியே மாறிவிடும்: சூடோமோனாசு, தங்கநிற ஸ்ரபிலோகொக்கசு. அந்தக் காதுக்கு உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் வேண்டாம், அலுமாரியில் கிடந்த பழைய துளி மருந்தும் வேண்டாம். ஜென்ராமைசின், நியோமைசின் கலந்த துளிகள் கிழிசலூடாக உள்ளே போனால் உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்களைக் கெடுக்கக்கூடும். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதுத்திரி வைக்கவேண்டும். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் திரி உலர்ந்து வரும்வரை இப்படிச் செய்து, பிறகே மருத்துவர் தந்த சிப்ரோபுளொக்சசின் துளியை விடவேண்டும். ஈரம் நிற்கும் காதில் துளி கிருமியிடம் போய்ச் சேராது. பஞ்சை உள்ளே விட்டுவைக்கவும் கூடாது. கீரிமலைக் கேணியில் முக்குளிப்பதை, காது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.

குத்து நின்ற பிறகும் நடுக்காதில் நீர் தங்குவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. வலியில்லாததால் ஒருவரும் தேடுவதில்லை. கேள்திறன் 25 டெசிபல் அளவில் குறையும். கிட்ட நின்று பேசினால் கேட்கும், வகுப்பின் பின்வரிசையில் இருந்தால் பாதிச் சொல் போய்விடும். அந்தப் பிள்ளைக்குச் "சொல்வழி கேளாதவன்" என்று பெயர் வந்துவிடும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் நீர் தானே வற்றும். அதற்கு மேலும் நின்றால் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் கேள்திறன் சோதனை செய்யவேண்டும். குறைவு உறுதியானால் செவிப்பறையில் சின்னக் குழாய் பொருத்திக் காற்றுப் போக வழி செய்வார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது, படுக்கவைத்துப் போத்தல் பால் கொடாமல் இருப்பது, வீட்டுக்குள் சுருட்டு, சிகரெட் புகையாமல் இருப்பது ஆகிய மூன்றும் காதுக்குத்து அடிக்கடி வருவதைக் குறைக்கும்.