முன்னெச்சரிக்கையா, முற்காப்பா?

"முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது." ஐப்பசி பிறந்தால் நாளுக்குப் பத்துத் தடவை காதில் விழும் வாக்கியம். ஆங்கிலத்து 'precaution'-க்கு 'முன்னெச்சரிக்கை' என்று எழுதிப் பழகிவிட்டோம்; 'முற்காப்பு' என்பதே பொருந்தும் என்பேன். மின்சாரத்தை நிறுத்துவதில் யார் யாரை எச்சரிக்கிறார்கள்?

எச்சரிக்கை கன்னடத்து உறவு. அங்கே 'எச்சர' என்றால் விழிப்பு. ஜாக்கிரதையும் அப்படியே, வடமொழி 'ஜாக்ரத்', விழித்திருத்தல். இரண்டும் கண்ணைத் திறந்து வைப்பதோடு சரி. கைக்கு வேலை சொல்பவை அல்ல. வள்ளுவர் இந்த இடத்தில் 'கா' என்ற வினையைத்தான் எடுக்கிறார்: 'எதிரதாக் காக்கும்' (429), 'வருமுன்னர்க் காவாதான்' (435), 'முன்னுறக் காவாது' (535). முன் + காப்பு = முற்காப்பு. முற்பகல், முற்காலம் போன்ற புணர்ச்சிதான். நாக்குக்கு ஒன்றும் புதிதில்லை.

சொல் குழம்பினால் என்ன கெடும் என்பதைப் புயல் நாளில் பார்க்கலாம். வானிலைத் துறை 72 மணி நேரம் முன்பு ஒன்று, 48 மணி நேரம் முன்பு ஒன்று, 24 மணி நேரம் முன்பு ஒன்று எனப் படிப்படியாகச் சொல்கிறது. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் கூண்டு ஏறுகிறது. இவை எச்சரிக்கை. படகை மேடேற்றிக் கட்டுவது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது, தென்னையில் காயையும் பழுத்த மட்டையையும் இறக்கித் தலைப்பாரம் குறைப்பது, இவை முற்காப்பு. முதலாவதைத் துறை செய்யும். இரண்டாவதை நாம் செய்ய வேண்டும். 'முன்னெச்சரிக்கை தீவிரம்' என்று தலைப்புப் போட்டால் செய்தி வந்திருக்கிறதா, வேலை நடக்கிறதா?

'முன்னேற்பாடு' போதாதா என்பார்கள். பந்தல் போடுவதும் முன்னேற்பாடுதான். அதில் ஆபத்து பற்றிய நினைப்பே இல்லை. 'தடுப்பு' அம்மைக்குப் பொருந்தும், புயலை எவரும் தடுப்பதில்லை. 'முன்ஜாக்கிரதை' பேச்சில் நன்றாகவே ஓடுகிறது, ஓடட்டும். ஆனால் மருந்துத் தாளில் 'முன்ஜாக்கிரதைகள்' என்று பன்மை போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இதில் 'நடவடிக்கை' என்ற வால் வேறு. மொழிபெயர்ப்பாளர் கைக்குப் பழகிவிட்டது, வெட்ட மனம் வருவதில்லை. 'முற்காப்பாக மின்சாரத்தை நிறுத்தினார்கள்' என்றால் முடிந்தது.

மழை ஓய்ந்தாலும் இது ஓய்வதில்லை. போராட்டத்துக்கு முந்தின இரவு 'முன்னெச்சரிக்கையாகக் கைது' என்று போடுகிறார்கள். எச்சரித்திருந்தால் அந்த ஆள் வீட்டிலா இருந்திருப்பார்?