மூக்கில் ஏறிய கட்டைவிரல்

தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-இல் திறக்கப்பட்ட டைனோசர் சிலைகளைச் செய்தவர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். அவற்றில் ஒன்றான இகுவானடான் என்ற டைனோசரின் முழு எலும்புக்கூடு அப்போது யாரிடமும் இல்லை. கிடைத்த துண்டுகளில் கூம்பு மாதிரி இருந்த ஒன்று, சிலையில் மூக்குக் கொம்பாக ஏறிவிட்டது. 1878-இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெரிந்தது, அது கட்டைவிரல் முள் என்று.

இன்றைக்குக் கற்பனையாக ஒரு டைனோசர் பூங்காவை வரைய உட்காருபவரும் எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். எலும்பு நிறையவே சொல்லும். டி. ரெக்ஸ் போன்ற ஊனுண்ணிகளின் உள்ளங்கைகள், கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்த்திருக்கும். முயல் மாதிரி கையைத் தொங்கப்போட்டு நிற்கும் படங்கள் தவறு. வாலும் தரையில் படாது. கால்தடங்கள் பதிந்த பாறைகளில் வால் இழுபட்ட கோடு அபூர்வம்.

அப்புறம் சதை. எலும்பில் சொரசொரப்பாக மேடு தட்டிய இடங்களில்தான் தசைநார்கள் ஒட்டியிருந்தன, அதை வைத்துத் தசையை ஏற்றலாம். கொழுப்பும் தொங்குதோலும் பெரும்பாலும் தடம் விடுவதில்லை. அதனால் பலர் எலும்பின்மேல் தோலை இறுக்கிப் போர்த்தி வரைந்துவிடுகிறார்கள். அது ஜாக்கிரதையான வழி என்று எனக்குத் தோன்றவில்லை, அதுவும் ஓர் ஊகம்தான், மோசமான ஊகம். யானையின் தும்பிக்கையில் எலும்பே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

நிறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் உடலில் இறகிழைகள் இருந்தது 1996-இல் சீனாவில் தெரியவந்தது. அந்த இழைகளுக்குள் மெலனின் நிறமி தங்கும் நுண்பைகள் கல்லோடு கல்லாகப் பதிந்திருந்தன. இன்றைய பறவைகளில் இந்தப் பைகள் நீண்டிருந்தால் கறுப்பு, உருண்டிருந்தால் செம்பழுப்பு. 2010-இல் அதே கணக்கைப் பொருத்திப் பார்த்தார்கள்: வாலில் செம்பழுப்புப் பட்டைகள், இடையிடையே வெளிர்நிறம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு விலங்கின் வாலை, நிறம் தெரிந்தே தீட்டலாம்!

வெலாசிராப்டர் என்ற ஊனுண்ணி டைனோசரை வரையும்போதும் இறகை விட்டுவிடக் கூடாது. அதன் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்திய முடிச்சுகள் 2007-இல் கண்டறியப்பட்டன. உயரத்தில் நம் இடுப்பைக்கூடத் தாண்டாத விலங்கு அது. சுற்றி ராட்சச வேலி வரையத் தேவையில்லை.