பிள்ளையைக் குறித்த சொல் வசையான கதை

2004-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்த ஆண்டின் சொல்லாக 'ச்சாவ்' என்பதைத் தேர்ந்தெடுத்தது. பர்பெரி நிறுவனத்தின் கட்டம் போட்ட தொப்பி, டிராக் சூட், பளபளக்கும் நகை என்று திரியும் ஏழை வீட்டு இளைஞர்களை ஏளனம் செய்ய, பிரிட்டனில் அப்போது பலர் வாயிலும் புழங்கிய சொல் அது.

'அரசுக் குடியிருப்பில் வாழும் வன்முறைக்காரர்' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் 'ச்சாவ்' ஆனது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. அங்கே அரசுக் குடியிருப்புகள் பெருமளவில் எழுந்ததே 1919 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு. அதன் முன்வடிவமான 'ச்சாவி' என்ற சொல்லோ 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலப் பேச்சில் இருந்தது. அப்போது அதற்குப் பொருள் குழந்தை. சொல் முந்தியது, விரிவாக்கம் பிந்தியது.

சரி, 'ச்சாவி' எங்கிருந்து வந்தது? பிறர் 'ஜிப்சி' என்றழைக்கும் ரோமா மக்களின் ரோமானி மொழியிலிருந்து. அதில் 'ச்சாவோ' என்றால் பையன், மகன். ரோமா மக்களின் முன்னோர் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனை எட்டினார்கள். அவர்கள் மொழியில் தண்ணீர் இன்னமும் 'பானி'தான். சிங்கக்குட்டியைக் குறிக்கும் மராத்திச் சொல்லான 'சாவா'கூட இதே வேரில் கிளைத்ததுதான். ரோமானிக்கும் இந்திய மொழிகளுக்கும் உள்ள உறவை ஜெர்மானிய அறிஞரான ரூடிகர் 1782-இலேயே எழுதிக் காட்டினார்.

பிரிட்டனில் ரோமானியின் இலக்கணம் மெல்ல மறைந்தது. சொற்கள் மட்டும் ஆங்கில வாக்கியங்களுக்குள் தங்கின. சந்தையிலும் வயல் வேலையிலும் கூட இருந்தவர்கள் அவற்றைப் பழகிக்கொண்டார்கள். நண்பனைக் குறிக்கும் 'பால்' என்ற ஆங்கிலச் சொல்லும் இப்படி வந்ததே; ரோமானியில் 'ப்ரால்' என்றால் சகோதரன்.

குழந்தை இளைஞன் ஆனான். அப்புறம் 'அந்த மாதிரி இளைஞன்' ஆனான். சொல்லின் ஒலி அதிகம் மாறவில்லை, சொல்பவர் மாறினார். உழைக்கும் மக்கள் தங்கள் பிள்ளைகளைச் சொன்ன சொல்லை வசதியானவர்கள் எடுத்து அவர்கள் மீதே வீசினார்கள். எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

இங்கிலாந்தின் ரோமானிக் குடும்பங்களில் பெற்றவர்கள் இன்றும் தங்கள் குழந்தைகளை 'ச்சாவிகள்' என்றே சொல்கிறார்கள்.